மம்பட்டியும் 50,000 டன் காந்தமும்

2015 தொடக்கத்தில் போடிக்குப் போயிருந்தபோது பெரியப்பா கேட்டார்: "ஏப்பா, அம்புட்டுப் பெரிய காந்தத்த மலைக்குள்ள வச்சா, நம்ம மம்பட்டி, கடப்பாரையெல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிராதா?"

சிரித்துக்கொண்டே "அதெல்லாம் போகாது பெரியப்பா" என்றேன். ஏன் போகாது என்று திருப்பிக் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். பொறியியல் படித்தவன்தான். ஆனால் காந்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது பரீட்சை எழுதும் அளவுக்குத்தான்.

மத்திய அமைச்சரவை நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அனுமதி கொடுத்திருந்த நேரம் அது. பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலையில் சுமார் 2 கி.மீ. சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, அவற்றைக் காந்தமாக்குவது திட்டம். நியூட்ரினோ இரும்பில் மோதினால் மியூவான் என்ற துகள் பிறக்கும். காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால், வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று சொல்லிவிடலாம். அந்தக் காந்தப்புலம் ஏறக்குறைய முழுவதும் இரும்புக்குள்ளேயே வளையமாகச் சுற்றி மூடிக்கொள்ளும். ஊரில் மம்பட்டிக்கு ஒன்றும் ஆகாது. பெரியப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

அதைத் தேடப்போய்த்தான் காந்தத்துக்குள் ஓடும் அலைகளில் சிக்கினேன்.

இரும்பில் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். எலக்ட்ரானின் ஸ்பின் என்ற குணம்தான் அதற்குக் காரணம். காந்தமாக்கிய இரும்பில் எல்லா ஸ்பின்னும் ஒரே திசை பார்த்து நிற்கும். ஒன்றைச் சற்றுச் சாய்த்தால் என்ன ஆகும்? 1930-ல் ஃபெலிக்ஸ் பிளாக் கணக்குப் போட்டுச் சொன்னார்: சாய்வு அந்த அணுவோடு நிற்காது, பக்கத்து அணு, அதற்கடுத்தது என்று அலையாகப் பரவும். இதுதான் ஸ்பின் அலை. கம்பத்து வயக்காட்டில் காற்றடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். அலை வரப்பு வரைக்கும் ஓடும், நெற்பயிர் ஒன்றும் நின்ற இடத்தை விட்டு நகராது. 1957-ல் பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் நியூட்ரான்களை மேக்னடைட் என்ற காந்தக்கல்லில் மோதவிட்டு, அலை உண்மையிலேயே இருப்பதைக் காட்டினார்.

வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் வத்திராயிருப்பு. அங்கே 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், 1930-களில் கல்கத்தாவில் சின்னஞ்சிறு படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, திசைக்குத் திசை அவற்றின் காந்தத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஸ்பின் அலை அவருடைய ஆய்வுப் பொருள் அல்ல. ஆனால் காந்தத்தின் இந்தத் திசைப்பிடிப்பைக் கணக்கில் எடுக்காமல் இன்று ஸ்பின் அலையின் அதிர்வெண்ணைச் சொல்ல முடியாது.

இதில் என் பிழைப்பும் இருக்கிறது. என் மடிக்கணினி சூடாவது, எலக்ட்ரான்கள் ஓடி, இடித்து, ஆற்றலை இழப்பதால். ஸ்பின் அலையில் மின்னூட்டம் ஓட வேண்டியதில்லை, சாய்வு மட்டும் கைமாறுகிறது. அலையின் உயரத்திலோ கட்டத்திலோ தகவலை ஏற்றலாம். இரண்டு அலைகள் சந்தித்தால் கூடும், அல்லது ஒன்றையொன்று அழிக்கும். கணக்குப் போட அது போதும். 2010-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மின்சாரமே கடத்தாத இட்ரியம் இரும்பு கார்னெட் படிகத்தில், ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்கு மின் சமிக்ஞையை ஸ்பின் அலையாக அனுப்பிக் காட்டினார்கள். 2014-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னில் ஒரு ஸ்பின் அலையால் இன்னொன்றை அடக்கும் டிரான்சிஸ்டர் வந்தது.

சிக்கலும் உண்டு. இரும்பு மாதிரி உலோகத்தில் அலை சீக்கிரம் அடங்கிவிடும். கார்னெட்டில் வெகுதூரம் போகும். ஆனால் மின்சாரத்தை அலையாக்கவும், அலையை மறுபடி மின்சாரமாக்கவும் செலவாகும் ஆற்றல், மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடுகிறது. வழியில் நஷ்டம் குறைவு, ஏற்றி இறக்கும் இடத்தில்தான் அடி.

போடியிலும் அடி அங்கேதான் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்குகள், போராட்டங்கள் எல்லாம் கடந்து, 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. காடு, புலி நடமாட்டம், நீர்ப்பிடிப்பு பற்றிய கவலைகள் வெறும் புரளி அல்ல. மதுரையில் 85 டன்னில் ஒரு மாதிரிக் காந்தம் மட்டும் இருக்கிறது. ஆனால் மம்பட்டி பற்றிய கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள்? சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன முறை போனபோது, வளையமாக மூடிக்கொள்ளும் காந்தப்புலத்தை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.