மூலத்தட்டும் விரிவாக்கப் பதிப்பும்: ‘ஸ்டார் வார்ஸ்’ இசை வெளியீடுகள் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

திரைப்படம் ஒன்றின் பின்னணி இசை முதன்முதலாகத் தட்டில் வெளிவரும்போது ஒரு வடிவம் பெறுகிறது. ஆண்டுகள் பல கடந்தபின், விடுபட்ட பகுதிகளும் சேர்க்கப்பட்டு, ‘விரிவாக்கப் பதிப்பு’ என்னும் பெயரில் மற்றொரு வடிவம் பெறுகிறது. பின்னதே முழுமையானது, ஆகவே முன்னதற்கு இனிப் பயனில்லை என்னும் கருத்து இசை ஆர்வலரிடையே பரவலாகக் காணப்படுகிறது. இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் 1977ஆம் ஆண்டு வெளியீட்டையும் 1997ஆம் ஆண்டு வெளியீட்டையும் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறிக்கும் பதிப்பு மரபை அறிந்த தமிழாசிரியர்களுக்கு இவ்வினா புதிதன்று. இங்குப் பனையோலையின் இடத்தில் ஒலிநாடா அமைகிறது என்பதே வேறுபாடு.

1977ஆம் ஆண்டு இசைத்தட்டு

ஜார்ஜ் லூக்காஸ் இயக்கிய இப்படம் 1977 மே 25 அன்று அமெரிக்காவில் திரையிடப்பட்டது. இதற்கு ஜான் வில்லியம்ஸ் இசையமைத்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் டென்ஹாமில் இருந்த அன்வில் ஒலிப்பதிவுக்கூடத்தில், லண்டன் சிம்பொனி இசைக்குழு அவர் தலைமையில் இசையை வழங்கியது. ‘டுவென்டியத் செஞ்சுரி ரெக்கார்ட்ஸ்’ நிறுவனம் அவ்விசையை ஏறத்தாழ 75 நிமிடங்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. அதனை உருவாக்கும் பொறுப்பை ஜார்ஜ் லூக்காஸ் ஏற்றார்.

இத்தட்டில் 16 பகுதிகள் இடம்பெற்றன. அவை படத்தின் காட்சி வரிசையைப் பின்பற்றவில்லை என்பது முதலில் கருதத்தக்கது. பென் கெனோபி இறக்கும் காட்சிக்குரிய இசை ஐந்தாம் பகுதியாக வருகிறது. படத்தில் அதற்கு வெகு முன்னரே நிகழும் மதுக்கூடக் காட்சியின் இசையோ ஒன்பதாம் பகுதியாகவே வருகிறது. விண்வெளித் தாக்குதலுக்குரிய ஆரவார இசையை அடுத்து, இளவரசி லேயாவின் மென்மையான கருப்பொருள் இசை வைக்கப்பட்டுள்ளது. அக்கருப்பொருளின் முழு வடிவம் எந்தக் காட்சிக்கும் உரியதன்று. தனியே கேட்பதற்காக எழுதப்பட்ட கச்சேரி வடிவமே அது.

தொடக்க இசையிலும் இத்தகைய அமைப்பைக் காணலாம். படத்தில் தலைப்பு இசை நிற்பதில்லை. எழுத்துகள் விண்வெளியில் மறைந்ததும், துரத்தப்படும் விண்கலத்திற்குரிய பதற்றமான இசையாக அது மாறிச் செல்கிறது. தட்டிலோ, தொடக்க இசையுடன் இறுதிப் பெயர்ப்பட்டியலுக்குரிய இசையின் பகுதி இணைக்கப்பட்டு, தனக்கெனத் தொடக்கமும் முடிவும் உடைய ஐந்து நிமிட உருப்படியாக அது நிறைவு பெறுகிறது.

ஆக, 1977ஆம் ஆண்டுத் தட்டு, படத்தின் இசையைச் சுருக்கித் தந்த ஒன்றன்று. திரையில்லாமல் கேட்போருக்காக இசையமைப்பாளரே அமைத்த வேறொரு கோவையாகும். 1978இல் கிராமி விருது பெற்றதும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2004ஆம் ஆண்டுக்குரிய தெரிவுகளுள் ஒன்றாக இடம்பெற்றதும் இத்தட்டில் உள்ள பதிவே.

1997ஆம் ஆண்டு விரிவாக்கப் பதிப்பு

1993இல் வெளிவந்த நான்கு குறுந்தட்டுத் தொகுப்பு, மூன்று படங்களின் இசையில் அதுவரை வெளிவராத பகுதிகள் பலவற்றைத் தந்தது. எனினும், இம்முயற்சி முழுமை எய்தியது 1997இல்தான். படம் மாற்றங்களுடன் மீண்டும் திரையிடப்பட்டபோது, ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இரு குறுந்தட்டுகளாக இதன் இசையை வெளியிட்டது. நிக் ரெட்மன், மைக்கேல் மெட்டெசினோ ஆகியோர் அப்பதிப்பை உருவாக்கினர். படத்திற்குப் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்ட அதே வேளையில், இசைப்பதிப்போ 1977ஆம் ஆண்டு ஒலிநாடாக்களை நோக்கிப் பின்சென்றது என்பது வியப்பிற்குரியது.

100 நிமிடங்களைக் கடந்த இப்பதிப்பு, பெரும்பாலும் காட்சி வரிசையிலேயே அமைந்தது. இதனால் விளைந்த பயன்கள் மூன்றெனலாம்.

முதலாவது, தொடர்ச்சி. ஆல்பிரட் நியூமன் இயற்றிய டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவன முழக்க இசையோடு இப்பதிப்புத் தொடங்குகிறது. அம்முழக்கம் அமைந்த பி-பிளாட் மேஜர் சுரநிலையிலேயே வில்லியம்ஸ் தம் தலைப்பு இசையையும் அமைத்தார். இரண்டும் ஒரே வீச்சில் ஒலிப்பதை உணர அவை அடுத்தடுத்துக் கேட்கப்பட வேண்டும். 1977ஆம் ஆண்டுத் தட்டில் நியூமனின் முழக்கம் இல்லை.

இரண்டாவது, விடுபட்டவை மீண்டமை. மதுக்கூடக் காட்சியில் ஒலிக்கும் இரண்டாம் இசை இதற்குத் தக்க சான்றாகும்.

மூன்றாவது, ஆக்கமுறைச் சான்று. இரட்டைச் சூரியன் மறையும் காட்சிக்கு வில்லியம்ஸ் முதலில் எழுதிய இசை வேறு. அது கைவிடப்பட்டு, பென் கெனோபிக்கும் ‘ஆற்றல்’ என்னும் கருத்துக்கும் உரிய கருப்பொருள் இசை அவ்விடத்தைப் பெற்றது. இன்று இப்படத்தின் உயிர்நிலையாகக் கருதப்படும் அவ்விசைப்பகுதி ஒரு திருத்தத்தின் விளைவு என்பதை, இரு வடிவங்களையும் தரும் இப்பதிப்பு செவிவழியே மெய்ப்பிக்கிறது. மேலும், முதல் குறுந்தட்டின் இறுதியில், தலைப்பு இசையைப் பதிவு செய்ய மேற்கொண்ட ஐந்து முயற்சிகளும் குறிப்பின்றி மறைவாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

‘மூலம்’ எது?

மேற்கண்ட ஒப்பீட்டால் ‘மூலம்’ என்னும் சொல் மூன்று பொருள்களில் வழங்குவதை அறியலாம். ஒலிப்பதிவுக்கூடத்தில் இசைக்கப்பட்டது ஒன்று. திரையரங்கில் கேட்கப்பட்டது ஒன்று. தட்டாக வெளியிடப்பட்டது ஒன்று. 1997ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாவதற்கு நெருங்கியது. ஆயினும், லேயாவின் கச்சேரி வடிவத்தையும் அது இரண்டாம் குறுந்தட்டின் தொடக்கத்தில் வைத்திருப்பதால், அதனையும் படத்தின் நேர்ப்படியெனக் கொள்ள இயலாது. பதிப்பாசிரியரின் தெரிவு அதிலும் உண்டு.

இவ்வேறுபாட்டை மறப்பின் ஆய்வு வழுவும். 1977ஆம் ஆண்டுத் தட்டின் வரிசையைக் கொண்டு கதைக்கும் இசைக்கும் உள்ள உறவை விளக்கும் மாணவர், பென் கெனோபி இறந்த பின்னரே மதுக்கூடக் காட்சி வருவதாகக் கொள்ள நேரும். மாறாக, 1997ஆம் ஆண்டுப் பதிப்பை மட்டும் கேட்டவர், 1977இல் இல்லந்தோறும் கேட்கப்பட்ட இசை அவ்வரிசையில் அமைந்திருக்கவில்லை என்பதை அறியார். இசையமைப்பாளரின் கோவை அமைப்பைப் பற்றிப் பேச முன்னதும், காட்சிக்கும் இசைக்குமான பொருத்தத்தைப் பற்றிப் பேசப் பின்னதும் சான்றாகும். ஒன்றன் பணியை மற்றொன்று செய்யாது.

விரிவாக்கப் பதிப்பு வந்தால் மூலத்தட்டு வழக்கொழியும் என்னும் எதிர்பார்ப்பும் பொய்த்தது. 2018இல் வால்ட் டிஸ்னி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஒலித்தரம் மேம்படுத்தி மறுவெளியீடு செய்தது 1977ஆம் ஆண்டுத் தட்டின் அமைப்பையே. பதிப்பு வரலாறு ஒரே திசையில் முழுமையை நோக்கிச் செல்வதன்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். ஆனால் இதிலும் ஓர் இழப்பு உண்டு: இவ்வெளியீட்டை மட்டும் அறிந்து வளரும் தலைமுறையினர்க்குக் கைவிடப்பட்ட அச்சூரிய மறைவின் இசை எட்டாது.

முடிவுரை

விரிவு என்பதும் முழுமை என்பதும் ஒன்றல்ல. 1997ஆம் ஆண்டுப் பதிப்பு நிமிடங்களைக் கூட்டியது. அதே வேளையில் இசையமைப்பாளர் வகுத்த வரிசையைக் கலைத்தது. 1977ஆம் ஆண்டுத் தட்டு அவ்வரிசையைக் காத்தது. ஆக்கத்தின் தடங்களை மறைத்தது. ஆகவே நூலகங்கள் இரண்டையும் பேணுதல் வேண்டும். திரையிசையைக் குறித்து எழுதுவோர் தாம் கேட்டது எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைக் குறிப்பிடுதல் வேண்டும். சுவடிக்கும் அச்சு நூலுக்கும் நாம் கடைப்பிடிக்கும் இந்நெறி, செவியால் கற்கும் கலைக்கும் உரியதே.