பனங்கொட்டையும் வேப்பமுத்தும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் கண்மாய்க் கரையில் பனையும் வீட்டு வாசலில் வேம்பும் கண்ணில் படாமல் இருக்காது. (சீமைக்கருவேலைக் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்கு விதை பரப்பும் வேலையை ஆடுகளே பார்த்துக்கொள்கின்றன.) இரண்டும் வறட்சி தாங்கும் மரங்கள்தாம். ஆனால் விதை எடுக்கும் முறையில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

காரணம் மழை. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பனம்பழம் விழுவது ஆவணி, புரட்டாசியில். பொறுக்கி ஊன்றினால் மழை பின்னாலேயே வந்துவிடும். வேம்பு பழுப்பதோ ஆனி, ஆடியில். மழைக்கு மூன்று மாதம் கிடக்கிறது. விதையின் உயிர் சில வாரம்தான்.

அதனால் வேம்பில் கவனமெல்லாம் பொறுக்கும் நாளில். எண்ணெய்க்காக வெயிலில் காயப்போட்ட முத்து வியாபாரிக்கு ஆகும், நாற்றுக்கு ஆகாது. ஒன்றை உடைத்துப் பாருங்கள்: பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பேறியிருந்தால் போய்விட்டது. அன்றன்று விழுந்த மஞ்சள் பழத்தைச் சதை நீக்கிக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, உடனே பையில் ஊன்றி, ஐப்பசி வரை தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டும். மேல்நாடுகளில் ஓக் மரக் கொட்டை சேகரிப்பவர்களுக்கும் இதே அவசரம்தான். அதுவும் காய்ந்தால் செத்துவிடும்.

பனையில் கவனம் ஊன்றும் இடத்தில். முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நடுவது சிரமம். ஊன்றிய இடம்தான் மரத்துக்கு நிரந்தரம். தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021-இல் 76 லட்சம் பனை விதைகளை அறிவித்தபோது கன்றுகள் ஒரு லட்சம் மட்டுமே என்றதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். லட்சக் கணக்கெல்லாம் சரி. மடையை ஒட்டியும், கரையைப் பலப்படுத்த இயந்திரம் ஏறும் பாதையிலும் ஊன்றியவை எத்தனை நாளைக்கு? எண்ணுவதானால் இரண்டு வருடம் கழித்து ஓலையை எண்ண வேண்டும்.

தாய்மரம் தேர்வதிலும் வேறுபாடு உண்டு. வேம்பில் கைக்கெட்டிய ஒரே மரத்தடியில் பையை நிரப்பிவிடுகிறோம். பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே நல்லது. பனையில் காய்ப்பது பெண் மரம் மட்டும். ஊன்றிய கொட்டை ஆணா பெண்ணா என்பது பாளை விட்டால்தான் தெரியும்; அதற்குப் பன்னிரண்டு வருடமாவது ஆகும்.

இன்னொன்று, இவற்றுக்கு வேறு பங்காளிகளும் உண்டு. வேப்பமுத்து பொறுக்கி விற்கும் பெண்களுக்கு அது ஆடி மாதக் கைச்செலவு. நாற்றுக்கு வேண்டியது சில படிதான், மரத்தடியை வழித்தெடுக்கத் தேவையில்லை. பனங்கொட்டைக்குப் போட்டி பொங்கல் கிழங்கு. கரையில் முளைவிட்டதை மார்கழி, தையில் பிள்ளைகள் தோண்டிவிடுவார்கள். ஆவணியிலேயே ஒரு பங்கு கொட்டையைக் கிழங்குக்கென்று தனிப் பாத்தியில் புதைத்து அவர்களிடம் காட்டிவிட்டால் கரையில் இருப்பது தப்பிக்க வாய்ப்புண்டு.