கேளாமல் உண்ட இலை: மாட்டுங்கா மெஸ்களும் நம்பிக்கையின் வரலாறும்

உணவுப் பட்டியல் இல்லாத சிறு கூடம், அமர்வோர் சிலர், அடுத்து என்ன வரும் என்பது சமையல்காரருக்கு மட்டுமே தெரியும். இன்றைய மும்பையில் இவ்வகை விருந்து உயர்ரசனையின் அடையாளம். ஜப்பானியர் இதனை ‘ஒமாக்கசே’ என்பர்; ‘உங்களிடமே விட்டுவிடுகிறேன்’ என்பது பொருள். ஆயினும், தெரிவைச் சமையலறையிடம் ஒப்படைத்து உண்பது பம்பாய்த் தமிழருக்குப் புதிய வழக்கமன்று.

வரலாற்றில் தெரிவுதான் பிந்தி வந்தது. தனி மேசையும் விலை குறித்த பட்டியலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரீஸ் உணவகங்கள் கொணர்ந்த புதுமைகள் என்பதை ரெபெக்கா ஸ்பாங் விரிவாக ஆராய்ந்துள்ளார். அதற்கு முன் பொது மேசையில், குறித்த வேளையில், வைத்ததை உண்பதே முறை. பம்பாய் ஆலைத் தொழிலாளர் மாதக் கணக்கில் உண்ட ‘காணாவள்’களும் மாட்டுங்கா மெஸ்களும் இம்முந்தைய மரபைச் சேர்ந்தவை.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுத்தராகவும் தட்டச்சராகவும் வேலை தேடி வந்த தென்னிந்திய இளைஞர் பலர் மாட்டுங்காவில் அறைகளைப் பகிர்ந்து வாழ்ந்தனர். அவர்களை நம்பியே உணவு விடுதிகள் எழுந்தன. மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இலும், ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இலும் தொடங்கப்பட்டன. அன்று சமைத்ததே இலைக்கு வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1943இல் பம்பாயில் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. உண்பவருக்கு மட்டுமின்றிச் சமைப்பவருக்கும் தெரிவு சுருங்கிய காலம் அது.

எனில், கேள்வி கேளாமல் உண்ணும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஆசாரம் பேணியோருக்கு, சமைத்த கை எச்சாதிக் கை என்பதே முதன்மையான உத்தரவாதம். அக்காலச் சென்னை உணவகங்களின் ‘பிராமணாள்’ பெயர்ப்பலகை இதனை வெளிப்படையாகவே அறிவித்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் நடத்திய போராட்டத்தின் இலக்கும் அதுவே. மாட்டுங்காவை அடுத்துள்ள தாராவியில், தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழரும் வாழ்ந்தனர். மொழி ஒன்றாயினும், ஆசாரத்தின் நம்பிக்கை வட்டத்துக்குள் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. பம்பாய்த் தமிழர் உணவு வரலாறு மாட்டுங்காவின் இலையை மட்டும் பார்த்து எழுதப்படும்போது இவ்விலக்கம் மறைந்துபோகிறது.

பின்னர்த் தமிழ்க் குடும்பங்கள் செம்பூருக்கும், மத்திய ரயில்பாதையில் டோம்பிவிலி, அம்பர்நாத் வரையிலும் பரவின. வீட்டில் அடுப்பு எரிந்ததும் மெஸ்ஸின் கட்டாயம் தளர்ந்தது. ஒருகாலத்தில் வேறு வழியின்றி உண்ட சாப்பாட்டை இன்று வரிசையில் நின்று மரபாகப் போற்றி உண்கின்றனர். புதிய கூடங்களில் சாதியின் இடத்தில் சமையல்காரரின் புகழும் விலையும் உத்தரவாதமாக நிற்கின்றன. வாயில் அகன்றிருக்கிறது, எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. ஆகவே உணவு வரலாற்றாய்வு இலையில் விழுந்தவற்றைப் பட்டியலிடுவதோடு நின்றுவிட இயலாது. அந்த இலையின் முன் அமர எவருக்கு இடமிருந்தது என்பதையும் அது கேட்டாக வேண்டும்.