மருத்துவர் அல்லாதோரின் மருந்து விதிப்பும் அதற்கான பயிற்சியும்: சிலாபக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தாதியரும் மருந்தாளரும் துணை மருத்துவச் சேவையாளரும் மருந்து விதிக்கும் முறை, இலங்கையில் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்து கொண்டுவரப்படவுள்ள ஒரு புதுமையாகவே நோக்கப்படுகிறது. இந்நோக்கு இத்தீவின் மருத்துவ வரலாற்றுடன் பொருந்துவதில்லை. நோயாளியை ஆராய்ந்து, உரிய மருந்தையும் அளவையும் காலத்தையும் தீர்மானித்து, அத்தீர்மானத்துக்குத் தன் பெயரிலேயே பொறுப்பேற்பதை மருந்து விதிப்பு எனக் கொண்டால், மருத்துவப் பட்டம் பெறாத பலர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கு அப்பணியைச் செய்துவந்துள்ளனர். ஆகவே இவ்வுரிமையைப் புதிதாக வழங்கலாமா என்பதைவிட, முன்னர் இருந்த ஏற்பாடு ஏன் மங்கியது, இன்றைய நோய்ச் சுமைக்கு ஏற்ப அதை எத்தகைய பயிற்சியின் மீது மீண்டும் கட்டியெழுப்பலாம் என்பதே பயனுள்ள வினாவாகும். தெதுறு ஓயா கடலில் கலக்கும் சிலாபமும் அதனைச் சூழ்ந்த முன்னேஸ்வரம், உடப்பு, மாதம்பை ஆகிய ஊர்களும் அவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாக அமைகின்றன.

1870ஆம் ஆண்டு கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னர், முழு மருத்துவக் கல்வி பெற்றோர் மட்டுமன்றி, குறுகிய காலப் பயிற்சியுடன் கிராமத்து மருந்தகங்களுக்கு அனுப்பப்பட்டோரும் அரச சேவையில் இடம்பெற்றனர். பின்னையோரை மக்கள் அப்போதிக்கரி என அழைத்தனர். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவர்களையும் மருந்தாளர்களையும் மருத்துவமாதர்களையும் போல அப்போதிக்கரிமாரையும் பதிவுக்கு உட்படுத்தியது. பிற்காலத்தில் இதே பிரிவினர் உதவி வைத்திய அதிகாரி என்றும், அனுபவம் கூடியபின் பதிவு பெற்ற வைத்திய அதிகாரி என்றும் பெயர் பெற்றனர். மத்திய மருந்தகங்களிலும் சிறிய வைத்தியசாலைகளிலும் நோயாளி முதலில் கண்ட முகம் பெரும்பாலும் இவர்களுடையதே. மலையகத் தோட்டங்களில் இவர்களையொத்த பணியை ஆற்றிய தோட்ட மருத்துவ உதவியாளர்களை நம்பித் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. 1990களின் நடுப்பகுதியில் உதவி வைத்திய அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுத்தப்பட்டதால், இருப்போர் ஓய்வுபெற ஓய்வுபெற இப்பிரிவு தேய்ந்து வருகிறது.

1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் அக்கால ஏற்பாட்டின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்ததால் தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் ஓட்டமற்ற குட்டைகளாகச் சுருங்க, அக்குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். நாட்டிலிருந்த மருத்துவர்களின் எண்ணிக்கை அப்பேரிடரின் முன் எவ்வகையிலும் போதாததால், குயினைன் விநியோகம் அப்போதிக்கரிமாரின் மருந்தகங்களையும் தற்காலிகச் சிகிச்சை நிலையங்களையும் தன்னார்வலர்களையும் நம்பியிருந்தது. நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று, அளவும் முன்னரே வரையறுக்கப்பட்டது என்ற நிலையில் குறுகிய பயிற்சி பெற்றவரும் அப்பணியைச் செய்ய முடிந்தது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உறுதிப்படுத்தியது. அக்காய்ச்சலுக்கென வடிவமைந்த சேவை முறையின் தேவை குன்றிய அதே காலத்தில், நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இதய நோயும் சிறுநீரக நோயும் அவ்விடத்தை நிரப்பிவிட்டன. இந்நோய்களில் மருந்தைத் தொடங்குவது சிறிய பகுதியே. ஆண்டுக்கணக்கில் அதைத் தொடர்வதும், கூட்டிக் குறைப்பதும், நிறுத்துவதும்தான் பெரிய பகுதி. உரிமை பற்றிய எல்லா வாதமும் இந்த மாற்றத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

மருத்துவர் அல்லாதோர் இன்றும் மருந்தைக் கையாண்டே வருகின்றனர். குடும்ப சுகாதார உத்தியோகத்தரான மருத்துவமாது கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம் ஆகியவற்றையும், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் கருத்தடை மாத்திரைகளையும் வழங்குகிறார். எலிக்காய்ச்சல் அபாயமுள்ள வயற்பகுதிகளில் நோய்த்தடுப்புக்கான டொக்சிசைக்கிளின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கைவழியே விவசாயியைச் சேர்கிறது. இவை இரண்டும் எழுதப்பட்ட வழிகாட்டலுக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டவை. நகரத்து பார்மசிகளின் நிலை வேறு. மருந்துச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட அட்டவணைகளின்படி மருத்துவரின் சீட்டு இன்றி விற்கக்கூடாத நுண்ணுயிர்க்கொல்லிகள், சீட்டில்லாமலே விற்கப்படுவதை இலங்கையில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்துள்ளன. அங்கு நடப்பதும் மருந்து விதிப்பே. எனினும் அதற்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை, பின்னர் கேட்பதற்கு ஆளும் இல்லை. மருத்துவர் அல்லாதோருக்கு உரிமை வழங்கினால் பாதுகாப்புக் குலையும் எனக் கவலைப்படுவோர், பொறுப்பில்லாத இந்த மறைமுக விதிப்பு ஏற்கெனவே விளைவிக்கும் கேட்டையும் அதே தராசில் இட்டுப் பார்ப்பது நியாயம்.

சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்குக்குக் கரையோரத்திலிருந்தும் தென்னந்தோட்டங்களிலிருந்தும் வரும் நாட்பட்ட நோயாளியின் தேவை பெரும்பாலும் ஒன்றே: குருதி அமுக்கமும் சீனியின் அளவும் கட்டுப்பாட்டில் உள்ளனவா எனப் பார்த்து, அதே மருந்துகளை இன்னொரு மாதத்துக்குப் பெறுவது. கடலுக்குச் செல்பவருக்கு கிளினிக் நாள் என்பது ஒரு நாள் மீன்பாட்டை இழப்பதாகும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளிகளின் மருந்துகள் வீடுகளுக்கே அனுப்பப்பட்டதால், மாதந்தோறும் வரிசையில் நிற்பது மருத்துவத் தேவையால் விளைந்த ஒன்றல்ல என்பது புலனானது. எனினும் அவ்வேற்பாட்டில் மருந்து மட்டுமே வீடு சென்றது. நோயாளியின் நிலையைப் பார்த்து அதை மாற்றக்கூடிய தகுதியுடையவர் உடன் செல்லவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் இதே எல்லையில்தான் நிற்கிறது: பெண் சுகாதாரத் தன்னார்வலர் மருந்தைக் கொண்டு சேர்க்கிறார், ஆனால் தீர்மானம் மருத்துவரிடமே இருக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் கிடைக்காமல் போனபோதும், அதனைத் தொடர்ந்து மருத்துவர்கள் பெருமளவில் நாட்டைவிட்டு வெளியேறியபோதும் மிகவும் தேவைப்பட்டவர், இல்லாத மருந்துக்குப் பதில் எதை எந்த அளவில் கொடுப்பது எனத் தீர்மானிக்கக்கூடிய, நோயாளிக்கு அருகிலுள்ள ஒருவரே.

அதற்காக உதவி வைத்திய அதிகாரிப் பயிற்சியைப் பழைய வடிவிலேயே மீட்பது சரியாகாது. அது மருத்துவரின் குறுக்கப்பட்ட பதிப்பாக ஒரு தனிப்பிரிவை உருவாக்கியது. எல்லா நோயையும் பார்க்கும் கடமையை அப்பிரிவினரிடம் ஒப்படைத்துவிட்டு, மருத்துவருக்குரிய கல்வியின் ஒரு பகுதியை மட்டுமே கொடுத்தது. தாதி தாதியாகவும் மருந்தாளர் மருந்தாளராகவும் இருந்துகொண்டே, தமக்கு நன்கு தெரிந்த நோய்ப்பரப்புக்குள் மட்டும் மருந்து விதிப்பது இதற்கு நேர்மாறான வழி. நீரிழிவு கிளினிக்கில் பத்தாண்டு பணியாற்றிய தாதிய உத்தியோகத்தர் இன்சுலின் அளவைத் திருத்தலாம். குழந்தையின் வலிப்புக்கு அவர் மருந்து எழுத வேண்டியதில்லை. உரிமையின் எல்லையை அவருடைய அனுபவத்தின் எல்லையே வகுக்கிறது.

பிரித்தானியா இவ்வழியில் படிப்படியாகவே நகர்ந்தது. 1986இன் கம்பர்லெஜ் அறிக்கை சமூகத் தாதியருக்கு ஒரு சிறு மருந்துப் பட்டியலைப் பரிந்துரைத்தது. 1992இல் சட்டம் இயற்றப்பட்டு 1994இல் சோதனை தொடங்கியது. மருத்துவருடன் உடன்பட்ட திட்டத்துக்குள் விதிக்கும் துணைநிலை உரிமை 2003இல் வந்தது. தாதியருக்கும் மருந்தாளருக்கும் தற்சார்பான உரிமை 2006இலேயே கிடைத்தது. இயன்மருத்துவர்களும் பாத நோய்ச் சிகிச்சையாளர்களும் 2013இலும், துணை மருத்துவ அவசர சேவையாளர்கள் 2018இலும் இதில் சேர்ந்தனர். 2005இல் தற்சார்பு உரிமை அறிவிக்கப்பட்டபோது பிரித்தானிய மருத்துவர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. எதிர்ப்புக்கு விடையளித்தது காலமும் சான்றும்தான். 2016இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, தாதியர் விதித்த 26 ஆய்வுகளும் மருந்தாளர் விதித்த 20 ஆய்வுகளுமாக 46 ஆய்வுகளைத் தொகுத்து, குருதி அமுக்கம், சீனி, கொழுப்பு ஆகியவற்றின் கட்டுப்பாட்டில் மருத்துவரின் விதிப்புக்கு ஒப்பான பயன் கிடைப்பதைக் கண்டது. ஆனால் அவ்வாய்வுகளில் பெரும்பாலானவை செல்வந்த நாடுகளில், பயிற்சியும் மேற்பார்வையும் உறுதிப்படுத்தப்பட்ட சூழலில் நடந்தவை. பயிற்சியை விட்டுவிட்டு முடிவை மட்டும் சிலாபத்துக்குக் கொண்டுவர இயலாது. வளங்குறைந்த சூழலுக்கு அணுக்கமான முன்மாதிரி தென்னாபிரிக்கா. எச்.ஐ.வி. சிகிச்சைக்கு மருத்துவர் போதாத நிலையில், 2010 முதல் அந்நாட்டில் தாதியரே அம்மருந்துகளைத் தொடங்க அனுமதிக்கப்பட்டனர்.

பயிற்சியின் உள்ளடக்கமே இவ்வாதத்தின் மையம். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வெளியிட்ட நல்ல மருந்து விதிப்புக்கான வழிகாட்டி, விதிப்பை ஆறு படிகளாகப் பகுக்கிறது: நோயாளியின் பிரச்சினையை வரையறுத்தல், சிகிச்சையின் நோக்கத்தைக் குறித்தல், தெரிவுசெய்த மருந்து இவருக்குப் பொருந்துமா எனச் சோதித்தல், சீட்டை எழுதுதல், விளக்கம் அளித்தல், விளைவைக் கண்காணித்தல். தாதியர் பாடநெறி கடைசி இரண்டு படிகளில் வலுவானது. மருந்தாளர் பாடநெறி நடுப்படிகளில் ஆழமானது. முதற்படியான நோயறிதலில் இரு தரப்பாருக்கும் கூடுதல் பயிற்சி தேவை. ஆகவே இருவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, ஒருவர் வலிமையை மற்றவர் குறைக்கு ஈடாக்கும் பாடநெறியே பயன் தரும். பிரித்தானியாவில் சுமார் 26 நாள் கற்பித்தலும் 90 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும் தேவைப்படுகின்றன. இங்கு நோயறிதலுக்கான பகுதி அதைவிட நீள வேண்டும்.

கற்பிப்பது மருந்தின் பெயர்ப் பட்டியலாக இருக்கக்கூடாது. மெற்போமினும் எனலாபிரிலும் எடுக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணொருவர் கிளினிக்குக்கு வருகிறார் என்று கொண்டால், அவருடைய சீனி குறைந்துள்ளதா என்பது ஒரு வினா மட்டுமே. சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் கிரியற்றினின் ஏறியுள்ளதா, பொற்றாசியம் கூடியுள்ளதா, வறட்டு இருமல் உண்டா, முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய டைக்குளோபெனக்கைச் சேர்த்து விழுங்குகிறாரா, மாலையில் தனியார் வைத்தியர் வணிகப் பெயரில் எழுதிய மாத்திரை, காலையில் அரச வைத்தியசாலை கொடுத்த அதே மருந்துதானா என்பனவும் கேட்கப்பட வேண்டும். இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவரே விதிக்கத் தகுதியுடையவர். டெங்குக் காலத்தில் காய்ச்சலுடன் வருபவருக்கு இபுபுரோபென் போன்ற வலிநிவாரணிகள் குருதிப்பெருக்கைத் தூண்டக்கூடும். பரசிற்றமோல் தவிர வேறெதுவும் வேண்டாம் எனச் சொல்லி நோயாளியை அனுப்புவதும் ஒரு விதிப்புத் தீர்மானமே. மருந்து எழுதாமல் விடும் துணிவை அளக்காத தேர்வு குறைபாடுடையது.

மட்டுப்படுத்தப்பட்ட பட்டியல் இம்முறையின் அடித்தளம். இதில் இலங்கைக்கு வெளியாரிடம் கற்க வேண்டியது குறைவு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்து, மருந்துகளைப் பொதுப்பெயரால் வாங்கும், விதிக்கும் கொள்கை உருவானது. வளரும் நாடுகள் பல அதைப் பின்னர் முன்மாதிரியாகக் கொண்டன. பொதுப்பெயரில் அமைந்த ஒரு சிறு பட்டியலை நன்கு அறிந்தவர், ஆயிரம் வணிகப் பெயர்களை அரைகுறையாக அறிந்தவரைவிடப் பாதுகாப்பாக மருந்து விதிப்பார். சிலாபத்தின் தொடக்கப் பட்டியலில் குருதி அமுக்கம், நீரிழிவு, கொழுப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கான சில மருந்துகள் மட்டும் இருந்தாற் போதும். நுண்ணுயிர்க்கொல்லிகள் முதற்கட்டத்தில் வெளியே இருப்பதே நன்று.

மொழியும் பாதுகாப்பின் ஒரு கூறு. உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் தமிழ் பேசும் நோயாளியும், சிங்களத்தில் எழுதப்பட்ட மருந்துறையும் சந்திக்கும் இடத்தில் ‘உணவுக்கு முன்’ என்பது ‘உணவுக்குப் பின்’ ஆகிவிட இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் உருவாக்கினார். அம்மரபைக் கொண்ட நாட்டில், விளக்கமளிக்கும் திறன் தேர்வின்போது இரு மொழிகளிலும் சோதிக்கப்படுவது மிகையான எதிர்பார்ப்பல்ல. வடமேல் மாகாணத்தில் பணியாற்றவுள்ள சிங்களத் தாதிக்கு நோயாளியுடன் பேசும் அளவு தமிழும், தமிழ் மருந்தாளருக்கு அதே அளவு சிங்களமும் பாடநெறியின் கட்டாயப் பகுதியாக அமைய வேண்டும்.

மேற்பார்வை என்ற இடத்திலேயே இத்தகைய திட்டங்கள் தடுக்கி விழுகின்றன. கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் ஒரு மருத்துவர், பயிலுநரின் ஒவ்வொரு தீர்மானத்தையும் உட்கார்ந்து திருத்துவார் என எதிர்பார்ப்பதற்குக் கடமைப் பட்டியலில் அதற்கென நேரம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய நல்லெண்ணத்தை நம்பி விடுவது திட்டமாகாது. அதே போன்று, மருந்தை விதிப்பவர் அதை விற்று இலாபம் பெறும் நிலையில் இருக்கக்கூடாது என்பதால், மருந்தாளரின் உரிமை முதலில் அரச வைத்தியசாலைக்குள் தொடங்கி, தனியார் பார்மசிக்குப் பின்னரே செல்வது விவேகம்.

சட்டத்தில் செய்யவேண்டிய மாற்றம் பலர் அஞ்சும் அளவுக்குப் பெரியதன்று. தாதியர் சபைக்கு 1988இன் 19ஆம் இலக்கச் சட்டமும், மருந்தாளர் பதிவுக்கு மருத்துவக் கட்டளைச் சட்டமும், மருந்துகளின் வகைப்படுத்தலுக்கு 2015இன் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் ஏற்கெனவே உள்ளன. இவற்றில் விதிப்போருக்கெனத் தனிப் பதிவேடு ஒன்றும், பதிவைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விதியும், ஒவ்வொருவரின் நோய்ப்பரப்பைப் பதிவிலேயே குறிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட வேண்டும். தவறு நேர்ந்தால் விதித்தவரும், அவரைப் பயிற்றுவித்து நியமித்த நிறுவனமும் கூட்டாகப் பொறுப்பேற்கும் பிரிவு அவற்றுடன் இடம்பெறாவிட்டால், அனுபவமிக்க தாதி எவரும் இவ்வுரிமையைக் கேட்டு முன்வரமாட்டார்.