ஜாகிங் பரவிய கதை

விடிகாலையில் நாலைந்து நண்பர்கள் பேசிக்கொண்டே தெருத்தெருவாக ஓடுவது இன்று உலகெங்கும் காணும் காட்சி. இந்தப் பழக்கம் பரவியதில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்நகரின் ஓவைராக்கா புறநகரில் வசித்தவர் ஆர்தர் லிடியார்ட். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஞாயிறு காலைகளில் அக்கம்பக்கத்து இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, வைத்தாகெரே மலைச்சாலை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் ஓடுவார். 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லுக்கும் அதே தூரம்தான்! 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர்.

ஆனால் பதக்கத்தைவிடப் பெரிய மாற்றம் அதன்பிறகுதான் வந்தது. மாரடைப்பு வந்தவர்களைப் படுத்து ஓய்வெடுக்கச் சொல்வதே அக்கால வழக்கம். லிடியார்டோ அவர்களையும் மெதுவாக ஓடச் சொன்னார். யாரையும் முந்த வேண்டாம், மூச்சு வாங்காமல் பேசமுடிகிற வேகம் போதும் என்பதே அவரது முறை. 1962ல் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் உருவானது.

அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கு வந்தார். ஒருநாள் அந்தக் குழுவோடு ஓடியவர் பின்தங்கிவிட்டார். அவருக்குத் துணையாகக் கூடவே ஓடியவர் எழுபதைக் கடந்த, மாரடைப்பிலிருந்து பிழைத்த முதியவர்! வெட்கத்தோடு ஊர் திரும்பிய பவர்மேன், யூஜீன் நகரத்து மக்களை ஓடவைத்தார். 1967ல் அவர் ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து எழுதிய 'ஜாகிங்' என்ற நூல் பத்து லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது.

ஓட்டம் வீரர்களுக்கு மட்டும் சொந்தமல்ல என்று உலகம் புரிந்துகொண்டது இப்படித்தான்.