நேராத சாவுகளின் கணக்கு: 1874 பீகாரும் தாது வருஷப் பஞ்சமும்

தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய எழுத்துகளில் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பெரும்பாலும் கல்நெஞ்சராகவே வருகிறார். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் மேலே கொஞ்சம் சில்லறையும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். அவர்மேல் விழுந்த பழி நியாயமானதே. ஆனால் கல்நெஞ்சம் மட்டும் இதற்கு விளக்கமாகாது. மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் இதே மனிதர் இதற்கு நேர்மாறாக நடந்திருந்தார்.

1866 ஒரிசாப் பஞ்சத்தில், வியாபாரிகளே அரிசியைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்று வங்காள அரசு நம்பிக் காத்திருந்தது. மழைக்காலம் தொடங்கியதும் கடல்வழி அடைபட்டது; சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அந்த அவமானம் ஆறாதிருந்ததால், 1873-74இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது வைஸ்ராய் நார்த்புரூக்கின் அரசு பர்மாவிலிருந்து ஏறத்தாழ 4.5 லட்சம் டன் அரிசியைத் தருவித்தது. நிவாரணத்தை முன்னின்று நடத்தியவர் டெம்பிள். பட்டினிச் சாவு மிகக் குறைவு. கிடைத்த பாராட்டு அதைவிடக் குறைவு. சுமார் 1 லட்சம் டன் மிஞ்சியது. சாவில்லை, அரிசியும் மிச்சம். அப்படியானால் ஆபத்தே இருந்திருக்காது, செலவெல்லாம் வீண் என்று அன்றைய விமர்சகர்கள் முடிவுகட்டினார்கள்.

இந்த வாதத்தில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. தேவைக்கு மேல் வாங்கினார்கள் என்பது ஒன்று. அது உண்மை, மிஞ்சிய அரிசியே சாட்சி. தேவையே இல்லை என்பது மற்றொன்று. அதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. சாவு குறைந்தது ஆபத்து இல்லாததாலா, அரிசி வந்ததாலா என்பதை இறப்புப் பதிவேடு தனியாகச் சொல்லாது. மருந்து குடித்துக் காய்ச்சல் தணிந்தவனைப் பார்த்து, காய்ச்சலே இல்லாதவனுக்கு ஏன் மருந்து கொடுத்தாய் என்று வைத்தியரைக் கேட்பது போன்றது இது. ஒரிசாவைக் காட்டி இதை மறுப்பதும் எளிதன்று: பீகாருக்கு ரயில் இருந்தது, ஒரிசாவோ தனித்துக் கிடந்தது. முறையாகக் கேட்டிருக்க வேண்டியது, 1873இன் இறுதியில் கையிலிருந்த தகவலை வைத்து எவ்வளவு வாங்குவது விவேகம் என்பதே. விவாதம் விளைவிலிருந்து பின்னோக்கியே நடந்தது.

அந்த ஏச்சின் சுமையோடுதான் டெம்பிள் சென்னைக்கு வந்தார். இங்கே கவர்னர் பக்கிங்காம் தாமாகவே 30,000 டன் தானியம் வாங்கியிருந்தார். வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது என்று கல்கத்தாவிலிருந்த வைஸ்ராய் அரசு அதைக் கண்டித்தது. பீகாரை முன்மாதிரியாகக் காட்ட வேண்டிய இடத்தில், அது ஊதாரித்தனத்தின் பெயராகிவிட்டிருந்தது. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், 1 ராத்தல் தானியம் உழைக்கும் உடலைக் காக்காது என்று ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். முகாம்களில் மக்கள் மெலிந்து விழுந்தபிறகே கூலி உயர்ந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம் என்பது பொதுவான மதிப்பீடு.

கார்னிஷ் சொன்னது சரி என்று இன்று எல்லாரும் ஒப்புகிறோம். அந்த ஒப்புதலும் சாவுகளைப் பார்த்தபின் வந்ததே என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 1877 ஜனவரியில் அவர் சொல் எடுபட்டு முழுக்கூலி தொடர்ந்திருந்தால், கிடங்கில் மிஞ்சிய தானியத்தைச் சுட்டிக்காட்டி, பீகாருக்கு டெம்பிளைக் கேட்டதுபோலவே சென்னைக்குப் பக்கிங்காமைக் கணக்குக் கேட்டிருப்பார்கள்.