பாளையம் இறங்கிய ஊர்: ராஜபாளையம் வட்டாரத்தில் முகாம் தங்கலின் சொல்வரலாறு

விடுமுறைக்குக் கூடாரத்தில் போய்த் தங்குவது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்பதே பரவலான எண்ணம். கடற்கரை ஊர்களின் ஓரத்திலும் மலையடிவாரத் தோப்புகளிலும் மெத்தை, மின்விளக்கு, குளியலறையோடு கூடாரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ‘கேம்பிங்’, ‘கிளாம்பிங்’ என்ற சொற்களும் உடன் வந்துவிட்டதால் பழக்கமும் அங்கிருந்தே வந்தது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தைப் பொறுத்தவரை இந்த முடிவு சரியன்று. கூட்டமாகச் சென்று, தற்காலிகமாக இறங்கி, அங்கேயே சமைத்துண்டு, பின் புறப்படும் வழக்கத்துக்கு இங்கே ஒரு சொல் இருந்தது. அது இன்றும் ஓர் ஊரின் பெயராக நிற்கிறது. அந்தச் சொல் ‘பாளையம்’. அதன் முதற்பொருளை நாம் மறந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் பெரியது, 1881இல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாறு என்பது என் கருத்து.

கால்டுவெல்லுக்கு அநீதி செய்யக் கூடாது. பாளையக்காரர் என்ற சொல்லை விளக்கும் இடத்தில் அவர் சரியாகவே தொடங்குகிறார். முதற்பொருள் முகாமை உடையவர் என்றும், அடுத்த பொருள் படைக்கடமையின் பேரில் நிலப்பகுதியை ஆள்பவர் என்றும் வரிசைப்படுத்துகிறார். ஆங்கிலத்தில் வழங்கிய ‘பாலிகார்’ தமிழ்ச் சொல்லிலிருந்து நேரே போனதன்று, தெலுங்கு அல்லது கன்னட வடிவத்திலிருந்து போனது என்ற அவருடைய கணிப்பையும் மறுக்கக் காரணமில்லை. ஆனால் முதற்பொருளுக்கு அவர் கொடுக்கும் இடம் அந்த ஒரு வரிதான். அதன்பின் நூல் முழுதும் பாளையம் என்றால் குறுநில ஆட்சி, பாளையக்காரர் என்றால் அடங்காத குறுநிலத் தலைவர். விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியேற்றபின் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்துக் கொடுத்தார், கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் ஆளுக்கொருவர் பொறுப்பேற்றனர் என்ற மரபை எடுத்துக்கொண்டு, அந்த ஏற்பாடு நாட்டுக்கு நன்மை தரவில்லை என்ற தீர்ப்பையும் வழங்குகிறார். ஆட்சியேற்ற ஆண்டை அக்காலத்து ஆய்வாளர்கள் 1559 என்றனர். இன்று 1529 என்பதே பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. இந்த முப்பதாண்டு வேறுபாடு என் வாதத்தைப் பாதிக்காது. என் குறை வேறு. சொல்லின் முதற்பொருளைச் செத்த வேராகக் கருதி, அதன் மேல் முளைத்த அரசியல் பொருளை மட்டும் அவர் வரலாறாக்கிவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அரசியல் தீர்ப்பில் அவரோடு மாறுபட்டார்கள். கொள்ளைக்காரர் என்று காட்டப்பட்டவர்களை விடுதலை வீரர்களாக மீட்டார்கள். சொல்லின் பொருளில் மட்டும் அவர் வரைந்த கோட்டைத் தாண்டவில்லை.

ஊர்ப்பெயர்களை நோக்கினால் அந்தக் கோடு உடனே தடுமாறுகிறது. ராஜபாளையத்தைச் சுற்றி உண்மையான பாளையக்காரர் ஆண்ட ஊர்கள் சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான். சற்றே விலகினால் நெற்கட்டுஞ்செவல், ஊற்றுமலை, சொக்கம்பட்டி. கிழக்கே எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி. இவற்றில் ஒன்றின் பெயரிலும் ‘பாளையம்’ இல்லை. மாறாக அப்பெயர் தாங்கிய ராஜபாளையம், கோபிசெட்டிபாளையம், மேட்டுப்பாளையம், குமாரபாளையம் ஆகியவை பாளையக்காரர் தலைநகரங்களாகப் பேசப்படுவதில்லை. பாளையம் என்றால் ஆட்சிப்பகுதி என்பதே ஊர்ப்பெயர் சூட்டியவர்களின் மனத்தில் இருந்திருந்தால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? உடையார்பாளையம் இதற்கு விதிவிலக்கு; அது பெயரிலும் பாளையம், வரலாற்றிலும் பாளையம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கும் ஊர்ப்பெயர்தான் ஆட்சிப்பகுதிக்குப் பெயரானதே தவிர, ஆட்சியிலிருந்து ஊருக்குப் பெயர் வந்ததென்று கொள்ளத் தேவையில்லை.

ராஜபாளையத்துக்குள்ளேயே இன்னும் நுட்பமான சான்று இருக்கிறது. விசயநகரக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தெலுங்கு பேசும் ராஜுக்களின் ஊர் இது. ஊரின் உட்பகுதிகளில் ஒன்று பழையபாளையம், மற்றொன்று புதுப்பாளையம். ஒரே ஊருக்குள் பழைய குறுநிலம் ஒன்று, புதிய குறுநிலம் ஒன்று என இரண்டு இருக்க முடியாது. முதலில் இறங்கிய இடம், பின்னர் இறங்கிய இடம் என இரண்டு இருக்கலாம். வந்தவர்கள் இறங்கிய வரிசையையே இந்த இரு பெயர்களும் சொல்கின்றன என்று நான் வாசிக்கிறேன். இதற்கு எழும் வலுவான மறுப்பு இது: தெலுங்கில் இச்சொல்லுக்குச் சிற்றூர் என்றும் பொருள் உண்டு; தெலுங்கு பேசியவர்கள் தங்கள் சிற்றூரைத் தங்கள் மொழியில் அழைத்தார்கள், அவ்வளவே என்று ஒருவர் கூறலாம். இதை முழுதும் தள்ளிவிட என்னால் இயலாது. முகாம் என்ற பொருள் முந்தியதா, சிற்றூர் என்ற பொருள் முந்தியதா என்பதை இந்த ஊரின் பெயரை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. குடியேற்றத்தின் ஆண்டையும் அதனால் நிறுவ முடியாது. ஆனால் இரண்டில் எது உண்மையானாலும், வேற்றிடத்திலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு இறங்கிய இடம் என்ற கருத்து நிலைக்கிறது. ஆட்சிப்பகுதி என்ற கருத்து நிலைக்கவில்லை.

இனி இந்தக் கட்டுரையின் நடுநாயகமான சான்றுக்கு வருகிறேன். அது ஓர் எழுத்துக்கூட்டல். 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத் திருத்தப் பதிப்பில், ஹென்றி பவர் தலைமையில் உருவான அந்த மொழிபெயர்ப்பில், இஸ்ரவேலர் பாலைவனத்தில் தங்கிய முகாமுக்கு வழங்கும் சொல் ‘பாளயம்’. ஐகாரம் குறைந்து அகரமான வடிவம் அது. பேச்சின் ஓசைக்கு நெருக்கமானது. தங்குவதைக் குறிக்கும் வினை ‘பாளயமிறங்குதல்’. எண்ணாகமத்தின் 33ஆம் அதிகாரத்தில் புறப்பாடும் பாளயமிறங்கலும் மாறிமாறி, ஊர் ஊராக அடுக்கி வருகின்றன. இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தப் பாளயத்தில் இருப்பவர்கள் போர்வீரர் மட்டும் அல்லர். பெண்கள், குழந்தைகள், முதியோர், ஆடுமாடுகள் என ஒரு சமூகமே இருக்கிறது. இரண்டாவது, ‘கூடாரம்’ என்ற சொல்லும் அதே நூலில் தனியே வழங்குகிறது. கூடாரம் என்பது துணியாலும் கழியாலும் ஆன பொருள். பாளயம் என்பது அவற்றின் தொகுதி, மனிதர் சேர்ந்து தங்கும் ஒழுங்கு. மூன்றாவது, பாளயத்தின் நடுவே இருப்பது வழிபாட்டுக் கூடாரம். குலங்கள் அதன் நான்கு திசைகளிலும் இறங்குகின்றன. தெய்வத்தைச் சுற்றி மக்கள் தற்காலிகமாகத் தங்கும் அந்த அமைப்பை மொழிபெயர்க்க, 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் ஆயத்தமாக இருந்த சொல் பாளயம்.

இதில் வியப்பான செய்தி, அந்தத் திருத்தப் பணியில் கால்டுவெல்லும் பங்குகொண்டவர் என்பது. 1858 முதல் 1869 வரை அவர் அதில் ஈடுபட்டிருந்தார். நகரும் மக்கள் கூட்டத்தின் தங்கலுக்குப் பாளயம் என்று சொன்ன அதே மனிதர், 1881இல் அந்தப் பொருளை ஒரு வரியில் கடந்துபோனார். மொழிபெயர்ப்பாளராக அவர் அறிந்திருந்ததை வரலாற்றாசிரியராக அவர் பயன்படுத்தவில்லை. குழு செய்த சொல்தேர்வை ஒருவர் கணக்கில் எழுதலாமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். முந்தைய மொழிபெயர்ப்புகளிலிருந்து வந்த சொல்லைக் குழு அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாமே என்றும் கேட்கலாம். என் விடை: பொருள் விளங்காத, வழக்கிழந்த சொற்களை நீக்குவதும் திருத்தக் குழுவின் வேலை. அக்குழு ஒரு சொல்லை விட்டுவைத்தால், படிப்பவருக்கு அது விளங்கும் என்று கருதியது என்பதே பொருள். அந்த மொழிபெயர்ப்பைப் படிக்கக் கேட்டவர்களில் பெரும் பகுதியினர் திருநெல்வேலிச் சீமையின் கிராமத்தார். கால்டுவெல் 1841 முதல் வாழ்ந்த இடையன்குடி, உவரிக் கடற்கரைக்கு அருகில் உள்ள ஊர். பாளையக்காரர் ஆட்சி 1801இல் முறிந்து, எஞ்சியவை 1803இல் ஜமீன்களாக மாறிய பிறகும், எழுபதாண்டு கழித்து அந்த மக்களுக்குப் பாளயம் என்றால் இறங்கித் தங்கும் இடம் என்று விளங்கியிருக்கிறது. இது ஒற்றைச் சான்றுதான். ஆனால் மறுக்க வேண்டியவரின் கையாலேயே வந்த சான்று.

பாளையம் இந்த வரிசையில் முதற்சொல்லும் இல்லை. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்ட சிறுநூல். அதில் காட்டாற்றின் அருகே காட்டை வெட்டி, முள்வேலி இட்டு அமைத்த ‘பாடி’, அதாவது படை தங்கும் இடம், விரிவாகக் காட்டப்படுகிறது. வீரர்களுக்குத் தழை வேய்ந்த குடில்கள். அரசனுக்கோ யவனர் காவலும், விளக்கேற்றும் மகளிரும், நாழிகை சொல்வோரும் சூழ்ந்த, திரையிட்ட இரட்டை அறை. எளிய கூடாரத்துக்கும் வசதிக் கூடாரத்துக்கும் உள்ள இடைவெளி ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. ‘தண்டு’ என்ற சொல்லும் படையிலிருந்து புறப்பட்டு, கோயம்புத்தூரில் தண்டு மாரியம்மனாகக் கோயிலுக்குள் வந்து சேர்ந்தது. ஆனால் சொல் ஒலிப்பதை மட்டும் வைத்து ஓடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி 27ஆம் நாள் கொண்டாடும் கூடாரவல்லியைக் கேட்டுக் கூடாரத்தை நினைப்பவர்கள் உண்டு. அங்கே ஆண்டாள் ஆண்ட சொல் கூடார், அதாவது ஒத்துச் சேராதவர். அதற்கும் துணிக்கூடாரத்துக்கும் தொடர்பில்லை. ஊர்ப்பெருமைக்காக அதை இழுத்துக்கொள்வது ஆய்வுக்கு இழுக்கு.

படைச்சொல் பக்திச்சொல்லாக மாறிய இடம் இவ்வட்டாரத்தாருக்கு மிக நெருக்கமான கடற்கரை ஊராகிய திருச்செந்தூர். ‘படைவீடு’ என்பது படை தங்கும் இடம். ‘ஆறுபடை வீடு’ என்ற தொடர் திருமுருகாற்றுப்படையின் ‘ஆற்றுப்படை’யிலிருந்து திரிந்தது என்று கொள்வோர் உண்டு; அந்தக் கருத்தில் வலுவிருக்கிறது. ஆயினும் திருச்செந்தூரைப் பொறுத்தவரை படைத்தங்கல் என்ற பொருள் ஒட்டிக்கொண்டதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. சூரபதுமன் மேல் செல்லுமுன் முருகன் படையோடு அங்கே தங்கி, வீரவாகுவைத் தூதனுப்பினான் என்கிறது கச்சியப்பரின் கந்தபுராணம். கந்தசஷ்டியின் ஆறு நாளும் விரதமிருப்போர் கோயில் வளாகத்தில் பந்தலிலும் கொட்டகையிலும் தங்கி, கடற்கரையில் சூரசம்ஹாரம் கண்டபின் திரும்புகிறார்கள். இறைவன் இறங்கிய இடத்தில் அடியவரும் இறங்குகிறார்கள். தைப்பூசத்துக்குத் தென்மாவட்டங்களிலிருந்து பாதயாத்திரையாக வருவோர் வழியெல்லாம் இரவு தங்கி, சேர்ந்து சமைத்து, விடியுமுன் புறப்படுகிறார்கள். புறப்பாடும் இறங்கலும் மாறிமாறி வரும் அந்த நடைக்குப் பாளையமிறங்குதல் என்பதைவிடப் பொருந்தும் சொல் தமிழில் எனக்குத் தென்படவில்லை.

‘இது நேர்த்திக்கடன்; விடுமுறைக் கூடாரம் இன்பத்துக்கானது; இரண்டையும் ஒரே வரலாற்றில் வைக்கலாமா?’ என்று கேட்பார்கள். வைக்கலாம் என்றே கருதுகிறேன். குடும்பத்தோடு வீட்டை விட்டுப் புறப்படுதல், வெட்டவெளியில் சமையல், குழந்தைகளின் விளையாட்டு, நீராடல், நாள் குறித்த திரும்புதல் ஆகியவை யாத்திரையிலும் இருந்தன. பலருக்கு ஆண்டில் கிடைத்த ஒரே விடுமுறையும் அதுவே. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பாளையம் கூட்டத்தின் தங்கல். இன்றைய கூடாரம் ஒரு குடும்பம் பிறரிடமிருந்து விலகித் தங்குவதற்கு விலைக்கு எடுப்பது. பாளையத்துக்கு இடம் தேர்ந்தது தண்ணீரை வைத்து. கூடாரத்துக்கு இடம் தேர்வது காட்சியை வைத்து. இவ்வட்டாரத்து மலைக்கோயிலான சதுரகிரி இந்த மாற்றத்தின் மறுபக்கம். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியே மலையேறியவர்கள் மேலே இரவு தங்கிய வழக்கம், 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தபின் முடிவுக்கு வந்தது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. இரவு அங்கே விலங்குகளுக்கு உரியது. மலையில் இரவுத்தங்கலைத் தடுத்தது சரியே. அடிவாரத்தில் கூடாரத் தொழில் நடத்துவோருக்கும் அதே அளவுகோல் பொருந்த வேண்டும்.

பாளையம் என்ற சொல்லோ இன்று மனிதரை விட்டே போய்விட்டது. ‘முகாம்’ என்ற அரபுச் சொல் அந்த இடத்தைப் பிடித்தது. மருத்துவ முகாம், அகதிகள் முகாம் என்று பரவி, அடிவார மாந்தோப்பில் யானைகள் முகாம் என்று செய்தித்தாள் எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. பாளையமிறங்குதல் என்ற வினை பொதுவழக்கில் எந்தப் பத்தாண்டில் மறைந்தது என்பதை இப்போதைக்கு வரையறுக்க இயலாது. 1871க்குப் பின் என்பது மட்டும் உறுதி. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய சான்றுகள் ஊருக்குள்ளேயே இருக்க வாய்ப்புண்டு. ராஜபாளையத்தின் பழையபாளையம், புதுப்பாளையம் பகுதிகளில் பழைய நிலப்பத்திரமோ, சாவடிக் கணக்கேடோ, திருமண ஓலையோ வைத்திருப்பவர்கள், அவற்றில் ஊர்ப்பெயர் வரும் இடங்களை ஐகாரமா அகரமா என்பது உட்பட எழுத்து மாறாமல் படியெடுத்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.